பந்தைத் தொடாத பையன்

அண்ணே, அந்தப் பையை மட்டும் காலால தள்ளிராதீங்க. மேல வைக்கலாம்னு பாத்தேன், இடமில்லை. இப்படி என் மடிக்கே கொடுத்துருங்க. இல்லைங்க, பலாப்பிஞ்சு இல்லை. திருச்சியில ஏறினதுலேருந்து ஆளாளுக்குப் பலாப்பிஞ்சான்னுதான் கேக்குறாங்க. கண்டக்டர் லக்கேஜ் போடணுமான்னு அமுக்கிப் பாத்துட்டுப் போறாரு. பந்துங்க இது. விளையாடுற பந்துதான். உருண்டையா இல்லாம ரெண்டு பக்கமும் கூரா இருக்குறதால ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க.

நீங்களும் மணப்பாறையா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் இறங்கணும். இந்தக் கூட்டத்துல எப்படி இறங்கப் போறோம்னு தெரியலை, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

என் பேரு வையாபுரி. சொந்த ஊரு மணப்பாறைக்குப் பக்கம்தான், இப்ப இருக்குறது அமெரிக்கா. அமெரிக்கான்ன உடனே நிமிந்து உக்காராதீங்க. நியூயார்க் எல்லாம் இல்லை. அயோவான்னு ஒரு பக்கம், கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளம். டிராக்டருக்குப் பாகம் செய்யிற கம்பெனியில அளவு சரியா இருக்கான்னு பாக்குற வேலை. சோளக்காட்டுக்குப் பயந்து ஓடிப்போயி சோளக்காட்டுலயே விழுந்தவன்னு என் மச்சான் சொல்லுவாரு. அவரு சொல்றதுலயும் தப்பில்லை.

இந்தப் பந்துக்கு அங்க பேரு ஃபுட்பால். காலால உதைக்கிறது எப்பவாவதுதான். பெரும்பாலும் கையில வெச்சுக்கிட்டு ஓடுறாங்க, இல்லாட்டி எறியிறாங்க. அப்புறம் ஏன் அந்தப் பேருன்னு என்னைக் கேக்காதீங்க, நான் கேட்டு அசிங்கப்பட்டாச்சு. ஆட்டம் சுலபம். பந்து வெச்சிருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள்ள பத்து கெஜம் முன்னால போயிரணும். போயிட்டா இன்னொரு நாலு. போகலைன்னா பந்து எதிராளிக்கு. இப்படியே நகந்து நகந்து கடைசிக் கோட்டைத் தாண்டினா பாயிண்ட். நம்ம கபடியில கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பி ஓடியாரோம்ல, இவங்க தாண்டிப் போயி அங்கயே நின்னு ஆடுவாங்க.

முன்னால போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, நடுவுல நிக்கிறவன் பந்தைத் தூரமா வீசுவான், இன்னொருத்தன் ஓடிப்போயிப் பிடிப்பான். பாக்க அழகா இருக்கும். ஜனமெல்லாம் எந்திரிச்சு நிக்கும். இன்னொண்ணு, பந்தை ஒரு பையன் வயித்துல சொருகிருவாங்க. அவன் குனிஞ்சுக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்து ஓடுவான். அவன் மேல ஆறு பேரு விழுவாங்க. எல்லாரும் எந்திரிச்சதும் பாத்தா மூணு கெஜம் போயிருப்பான். மறுபடியும் அதே. மறுபடியும் மூணு கெஜம். எங்க ஊர் காலேஜ் டீம் இந்த ரெண்டாவது ரகம். எங்ககிட்ட வீசுறதுக்குன்னு இருந்த பையனுக்குத் தோளு சரியில்லை. அவன் வீசினா பந்து வாத்து மாதிரி ஆடி ஆடிப் போகும். அதனால ஓட்டம், ஓட்டம், எப்பப் பாத்தாலும் ஓட்டம். இதென்னடா, கட்டைவண்டியில ஏத்தி உக்கார வெச்ச மாதிரி இருக்குன்னு நான் கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பேன்.

அந்த டீம்லதான் என் மகன். செழியன். ஆறடிக்கு மேல இருப்பான். எடையைச் சொல்ல மாட்டேன், கண்ணு பட்டுரும்னு வீட்ல சொல்லிவெச்சிருக்கா. எல்லாம் அவங்க வீட்டு உடம்பு. நான் சும்மா இருக்கலைங்க. சின்னதுல செஸ் கிளாஸ்ல சேத்தேன். இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுத்துச் சொல்ற போட்டிக்கு அனுப்பினேன். வயலின் வாங்கிக் கொடுத்தேன். நாலஞ்சு நாற்காலி உடைஞ்சதுதான் மிச்சம்.

டீம்ல சேந்துட்டான்ன உடனே எனக்கும் பெருமைதான். போயிப் பாத்தாத்தான் தெரியுது, இவன் முன்வரிசையில குனிஞ்சு நிக்கிறான். ஆட்டம் ஆரம்பிச்ச உடனே எதிர்ல நிக்கிறவனை மோதித் தள்ளுறான். அவ்வளவுதான் வேலை. பந்து எங்கயோ போகுது, எவனோ ஓடுறான், கைதட்டு வாங்குறான். இவன் தரையிலேருந்து எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு மறுபடியும் வந்து குனியிறான். வீசுற பந்து தப்பித்தவறி இவன் பக்கம் வந்தாக்கூடத் தொடக்கூடாதுன்னு சட்டமே இருக்காம். பந்தாட்டக்காரன், ஆனா பந்தைத் தொட மாட்டான். உலகத்துல எந்த அப்பன் இதை வெளியில சொல்லுவான்? நீங்களே சொல்லுங்க.

நானும் சொல்லலை. மாத்திச் சொல்லிட்டேன்.

எங்க அண்ணன் மக கல்யாணத்துக்கு மணப்பாறை வந்திருந்தேன். பந்தியில எனக்குப் பக்கத்து இலை தங்கராசு மச்சான். தமயந்திக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, கூடப்பொறந்த அண்ணன். இங்க ரைஸ்மில் வெச்சிருக்காரு. வாலிபத்துல கபடி ஆடினவரு, இப்பவும் தோளைப் பாத்தா தெரியும். பையன் அங்க ஏதோ பந்து விளையாடுறானாமே மாப்ள, என்ன பண்றான்னு கேட்டாரு. இலையில ரசம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. நான் ரசத்தைப் பாத்துக்கிட்டே, பந்தோட ஓடுறதே அவன்தான் மச்சான்னுட்டேன். எதிர் வரிசையில இருந்த சித்தப்பா, கோலெல்லாம் போடுவானான்னாரு. வாராவாரம்னேன். மோர் வர்றதுக்குள்ள டிவியில காட்டுறாங்கங்கிற வரைக்கும் போயிருச்சு.

டிவியாவது ஒண்ணாவது. எங்க கிரவுண்டுக்கு வர்றது பெத்தவங்களும், பசங்களைக் காதலிக்கிற பொண்ணுங்களும், நாயோட வர்ற ஒரு பழைய தபால்காரரும்தான். ஆனா பொய்யை ஒரு தடவை பெத்துப் போட்டா அதுக்கு வேளாவேளைக்குத் தீனி போடணும்ல. அதுலேருந்து ஊர்லேருந்து யாரு போன் பண்ணினாலும் கோல் எத்தனைன்னுதான் முதல்ல கேப்பாங்க. நானும் கூடக் குறைச்சு ஏதாவது சொல்லிவெப்பேன். ரொம்ப அதிகமாவும் சொல்ல மாட்டேன், நம்புற மாதிரி இருக்கணும் பாருங்க.

போன வருஷம் மச்சானோட மகளுக்கு சிகாகோவுல பிரசவம். மச்சான் அங்க வந்து இறங்கிட்டாரு. நவம்பர்ல கடைசி ஆட்டம் இருக்காமே மாப்ள, மருமகன் ஓடுறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு போன் பண்ணினாரு. எனக்குச் சோறு இறங்கலை. மச்சான் நல்ல மனுஷன்தான், ஆனா ஊருக்கு வந்து மில்லுல உக்காந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நெல்லு அரைக்க வர்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுரும். எனக்கு அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் ஊர்ல தனி மரியாதைங்க. மணப்பாறை பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சாக்கூட, அந்த ஃபுட்பால் பையனோட அப்பான்னு சொல்லுவாங்க. அதை எப்படி விடுறது?

நம்மாளு என்ன பண்ணுவான்? பள்ளிக்கூடத்துல பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கலைன்னா ஹெட்மாஸ்டரைப் போயிப் பாப்போம்ல. அதையேதான் நானும் பண்ணினேன். மச்சான் சிகாகோவுலேருந்து அனுப்பியிருந்த மணப்பாறை முறுக்கு ஒரு டப்பா எடுத்துக்கிட்டு, சட்டையை இன் பண்ணிக்கிட்டு, கோச் ரூமுக்குப் போனேன். ஹால்வர்சன்னு பேரு. நரைச்ச மீசை, பேச்சு கம்மி. நான் முறுக்கை மேசையில வெச்சுட்டு, என் மகனுக்கு ஒரே ஒரு தடவை பந்தைக் கொடுங்க சார்னேன். சொந்தக்காரரு இந்தியாவுலேருந்து வர்றாரு, குடும்ப மானப் பிரச்சினைன்னேன். மானத்தை இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துப்போச்சு.

அவரு ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சாரு. அது உடைஞ்ச சத்தத்துல அவரே கொஞ்சம் பயந்துட்டாரு. அப்புறம் நிதானமா மென்னுக்கிட்டே ஒரு பாடம் எடுத்தாரு பாருங்க. ஓடியே ஆடினா பந்து நம்மகிட்டயே இருக்கும், பந்து நம்மகிட்ட இருக்குற வரைக்கும் எதிராளியோட சூரன் பெஞ்சுல உக்காந்து கையைப் பிசைய வேண்டியதுதான்னாரு. வீசின பந்து தரையில விழுந்தா கடிகாரம் நின்னுரும், ஓடினா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்னாரு. மூணு மூணு கெஜமா மோதிக்கிட்டே இருந்தா ஆட்டம் முடியிற நேரத்துல எதிராளிக்கு முட்டி மடங்கிரும்னாரு. ஓட்டத்தைத் தடுக்க அவங்க எல்லாரும் முன்னால நெருங்கிட்டா, பின்னால காலியாயிரும், அப்ப எங்க வாத்துப் பையன் வீசினாக்கூடப் போயிச் சேரும்னாரு. இதெல்லாம் உங்க மகன் திறந்துவிடுற ஒரு ஆள் அகலச் சந்துலதான் நடக்குது, அவன் இருக்குறதாலதான் நான் தைரியமா ஓடச் சொல்றேன்னாரு.

முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போகலாம். அதுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்னு எனக்குக் கோவம். கதவுகிட்ட வந்ததும் அவரு, ஒரே தடவைதானே, பாக்குறேன்னாரு. பாக்குறேன்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? முறுக்கு போச்சேன்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த வாரம் டெவின் சாப்பிட வந்தான். பந்தோட ஓடுற அசல் ஆளு அவன்தான். குட்டைப் பையன், என் தோளுக்குத்தான் வருவான். செழியனுக்கு உயிர்ச் சிநேகிதன், தமயந்தி சுடுற தோசைன்னா அவனுக்கு உயிரு. அத்தனை பேரு மேல விழ வர்றப்ப வழியை எப்படிடா கண்டுபிடிக்கிறன்னு கேட்டேன். ஏதாவது சூட்சுமம் இருந்தா நம்ம பையனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்னு ஒரு நப்பாசை.

"நான் வழியே தேட மாட்டேன் அங்கிள். செழியன் முதுகை மட்டும் பாத்துக்கிட்டே போவேன். அது எங்க போகுதோ, அங்கதான் வழி."

பாவம், பயந்த சுபாவம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கெல்லாம் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால போறது ஒத்துவராதுங்க. அந்த ஊர்ல ஒண்டியா நின்னு மேல வந்தவன் நான். நடுவுல கம்பெனியை மூடிட்டான், ரெண்டு வருஷம் வேலை இல்லை. அப்பக்கூட ஒருத்தன் வாசல்ல போயி நிக்கலையே. தமயந்தி முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்ட் போயிட்டு இருந்தா, வீடு பாட்டுக்கு ஓடுச்சு. அதை விடுங்க, எங்கயோ போயிட்டேன்.

ஆட்டத்தன்னைக்குக் குளிருன்னா அப்படிக் குளிரு. பொடிசா பனி விழுந்துச்சு, காத்து வேற. மச்சான் மங்கி குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல என் கோட்டு, அதுக்கு மேல கம்பளி. மூக்கு மட்டும்தான் வெளியில. தமயந்தி பிளாஸ்க்ல டீ கொண்டாந்திருந்தா. எதிர் டீம்ல ஒரு வீச்சுக்காரன், உயரமா, லட்சணமா இருந்தான். அவன் வீசினா பந்து நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அவங்களை ஜெயிச்சாத்தான் எங்க டீமுக்கு அடுத்த சுற்று. தோத்தா அதோட வருஷம் முடிஞ்சது.

நம்ம பையன் எது மாப்ளன்னு மச்சான் கேட்டாரு. இந்த இடத்துல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க. ஹெல்மெட்டை மாட்டிட்டா ராமனும் ராவணனும் ஒண்ணுதானே? சட்டையில பேரும் கிடையாது, வெறும் நம்பர்தான். மச்சான் செழியனைச் சமீபத்துல பாத்தது எல்லாம் போன்ல, மூஞ்சி மட்டும். நான் டெவினைக் காட்டி, அதோ அந்த இருபத்திரெண்டாம் நம்பருன்னேன். மச்சான் கண்ணைச் சுருக்கிப் பாத்தாரு. என்ன மாப்ள, இளைச்சுட்டானேன்னாரு. குளிருக்குன்னேன். தமயந்தி என்னை ஒரு பார்வை பாத்துட்டு, பிளாஸ்க் மூடியைத் திறந்தவ அப்படியே மூடித் திருகினா. டீ எனக்குக் கிடைக்கலை.

முதல் பாதியில எதிராளி வீசி வீசிப் பாயிண்டை அள்ளிட்டான். எங்க ஆளுங்க அதே கட்டைவண்டி. மூணு கெஜம், நாலு கெஜம், ரெண்டு கெஜம். ஆனா கோச் சொன்னது வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சுங்க. நாலு கட்டமா ஆடுறதுல மூணாவது கட்டத்துல பாக்குறேன், எதிர் டீம் தடியனுங்க இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வாயால மூச்சு விடுறானுங்க. மூணு கெஜம் கிடைச்ச இடத்துல ஆறு கிடைக்குது. கடைசிக் கட்டத்துக்கு வந்தப்ப நாங்க ரெண்டு பாயிண்ட் முன்னால. டெவின் ஒவ்வொரு தடவை எந்திரிக்கிறப்பவும் நான் மச்சான் தொடையில தட்டி, பாத்தீங்களா நம்ம பையனைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கே பாதி நம்பிக்கை வந்துருச்சு, அவன்தான் என் பையன்னு.

எதிராளியோட கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துல நிக்கிறாங்க. இன்னும் ஒரு தடவை தாண்டிட்டா ஆட்டம் எங்க கையில. அப்பப் பாக்குறேன், அறுபத்தாறாம் நம்பரு, அதான் நம்ம செழியன் நம்பரு, முன்வரிசையை விட்டுப் பின்னால போயி, டெவின் நிக்கிற இடத்துல நிக்குது. அந்தக் கோச் மனுஷன் முறுக்கை மறக்கலைங்க. பந்தைச் செழியன் வயித்துல சொருகிட்டாங்க. நான் பலகை மேல ஏறி நின்னுட்டேன். ரெண்டு எட்டு வெச்சிருப்பான். எவனோ ஒருத்தன் தலையால வந்து பந்துல மோதினான். பந்து நழுவி விழுந்து, பனியில உருண்டு, எதிராளி நாலு பேரு அது மேல விழுந்துட்டானுங்க. செழியன் நாலு காலும் தரையில ஊனிக்கிட்டு, போன பந்தைப் பாத்துக்கிட்டு இருக்கான். எங்க ஆளுங்க எல்லாரும் தலையில கை வெச்சாச்சு.

மச்சான் கேட்டாரு, யாரு மாப்ள அது, பந்தை விட்டதுன்னு.

"அது யாரோ ஒரு குண்டன் மச்சான்."

என் வாயிதான் சொல்லுச்சு. என் காதுதான் கேட்டுச்சு. பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சுங்க எனக்கு. தமயந்தி பிளாஸ்கை கீழ வெச்சா.

"அண்ணே, அது நம்ம செழியன்"னா. அவங்க அண்ணனுக்குச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா. "மூணு வருஷமாப் பந்தையே பாக்குறீங்க. பந்தையா நான் பெத்தேன்?"

அவளுக்கு இந்த ஆட்டத்துல ஒரு சட்டமும் தெரியாதுங்க. யாரு ஜெயிக்கிறான்னு கேட்டா பக்கத்துல இருக்குறவங்களைக் கேப்பா. ஆனா செழியன் எந்த மோதல்ல இடது முட்டியைத் தேச்சுவிட்டான், எவன் அவன் கழுத்துல கையை வெச்சான், எப்ப மூச்சு வாங்கினான், எல்லாம் சொல்லுவா. ஒரு நாளும் அவ பந்தைப் பாத்ததே இல்லை. மச்சான் டீயை எடு தாயின்னு மட்டும் சொன்னாரு.

அதுக்குள்ள எதிராளி வீச்சுக்காரன் பந்தைக் கடகடன்னு எங்க பக்கம் கொண்டாந்துட்டான். கடைசியில காலால உதைச்சுக் கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா மூணு பாயிண்ட், எங்க கதை முடிஞ்சது. உதைச்சான். காத்து கொஞ்சூண்டு தள்ளிருச்சு, பந்து கம்பத்துக்கு வெளியில போச்சு. நான் கும்பிடாத சாமி இல்லை. பந்து எங்களுக்கு வந்துருச்சு, ஆனா கடிகாரத்துல நேரம் கிடக்கு. பந்தைத் திருப்பிக் கொடுத்தா அந்த வீச்சுக்காரன் முடிச்சுருவான். கொடுக்காம இருக்கணும். கடிகாரம் ஓடி முடியிற வரைக்கும் பந்தை வெச்சுக்கணும். அதுக்கு ஒரே வழி, ஓட்டம்.

அப்பத்தான் முதல் தடவையா நான் பந்தை விட்டுட்டு அறுபத்தாறைப் பாத்தேன். பந்தைக் கீழ போட்டவன் மூஞ்சியை எங்கயாவது மறைச்சுக்குவான்னு நெனச்சேன். அவன் வந்து பழைய இடத்துல குனிஞ்சு நின்னான். எதிர்ல நிக்கிறவன் இவனை விடப் பெருசு. ஆரம்பிச்ச உடனே இவன் அவன் நெஞ்சுக்குக் கீழ பூந்தான், காலைச் சின்னச் சின்னதா எடுத்து வெச்சுத் தள்ளினான், தள்ளிக்கிட்டே ஒருபக்கமாத் திருப்பினான். அங்க ஒரு சந்து விட்டுச்சு. டெவின் ஒரு கையை இவன் முதுகுல வெச்சுக்கிட்டு அதுல பூந்தான். நாலு கெஜம். செழியன் எந்திரிச்சான், குனிஞ்சான், மறுபடியும். மூணு கெஜம். ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சுதான் எல்லாரும் கத்துறாங்க, எனக்கு என்னன்னா, இவன் இதை மூணு வருஷமாப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கானேன்னு இருக்கு. நான் அங்கயே உக்காந்து கொட்டாவி விட்டிருக்கேனேன்னு இருக்கு. அழுகை வந்துருச்சுங்க. குளிருக்குக் கண்ணுல தண்ணி வருதுன்னு மச்சான்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன், இன்னொரு பொய் வேணாம்னு விட்டுட்டேன்.

அந்த வீச்சுக்காரன் கோட்டோரமா ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு இங்கயும் அங்கயும் நடக்குறான். அத்தனை திறமையும் அவன் தோள்ல இருக்கு, பந்து இல்லையே, என்ன பண்ணுவான்? கடைசியில நாலாவது வாய்ப்பு, ஒரு கெஜம் போகணும். பந்தைத் தூரமா எதிராளி பக்கமே உதைச்சு விட்டுருவாங்கன்னு பக்கத்துல சொன்னாங்க. கோச் உதைக்கச் சொல்லலை. எதிராளி மொத்தப் பேரும் செழியனுக்கு முன்னால வந்து குவிஞ்சுட்டானுங்க. டெவின் அங்கதான் வரப்போறான்னு அவனுங்களுக்கும் தெரியும், இவனுங்களுக்கும் தெரியும். அங்கயேதான் போனான். எல்லாரும் ஒரு குவியலா விழுந்தாங்க. பத்து கெஜம் அளக்குற சங்கிலியைக் கொண்டாந்து அளந்தாங்க. ஒரு சாண் தாண்டியிருந்துச்சு. அப்புறம் கடிகாரம் பாட்டுக்கு ஓடி முடிஞ்சது.

கீழ இறங்கிப் போனோம். செழியன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நிக்கிறான், மூஞ்சியெல்லாம் சேறு. மச்சான் அத்தனை கம்பளியோட போயி அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. என்கிட்டத் திரும்பினாரு.

"காது குத்தினப்ப இவன் என் மடியிலதான் உக்காந்தான் மாப்ள. அப்பவே மடி கொள்ளலை. நீ அந்தப் பொடிப்பயலைக் காட்டினப்பவே தெரியும். எவ்வளவு தூரம்தான் போறேன்னு பாத்தேன்."

நான் பாத்த சேத்துலயே நல்ல சேறு அந்தக் கிரவுண்டு சேறுதான். தலையைத் தூக்காம அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்.

அங்க ஒரு வழக்கம் இருக்கு. ஜெயிச்ச ஆட்டத்துப் பந்தை நல்லா ஆடினவன் கையில கொடுப்பாங்க. கோச் அன்னைக்கு முன்வரிசைப் பசங்களுக்குக் கொடுத்தாரு. பசங்க அதைச் செழியன் கையில கொடுத்துட்டாங்க. பந்தைக் கீழ போட்டவனுக்கே. அவன் அதை நேரா என்கிட்டக் கொண்டாந்து நீட்டினான்.

"இந்தாங்கப்பா. கோச்சுகிட்டப் போயிக் கேட்டீங்களாமே. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்பா ஆசைப்பட்டுட்டாருன்னு சொன்னாரு, அதான் ஓடினேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். கிண்டலும் இல்லை, கோவமும் இல்லை. எனக்குத்தான் பந்தை வாங்கக் கை வரலை. தமயந்திதான் வாங்கி என் மடியில வெச்சா, கார்ல வர்றப்ப.

அந்தப் பந்துதாங்க இது. இதோ இந்தத் தையல்ல இன்னும் சேறு இருக்கு பாருங்க. தொடைக்க விடலை நான். நாளைக்கு மச்சானோட பேத்திக்குக் காதுகுத்து. பந்தை எடுத்துக்கிட்டு வா மாப்ள, எல்லாரும் பாக்கட்டும்னு மச்சான் உத்தரவு. அவரு இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையாம், நீயே சொல்லிக்கோன்னுட்டாரு. அதுதான் அவரு கொடுத்த தண்டனை. பந்தியில சித்தப்பா கட்டாயம் கேப்பாரு, இந்தப் பந்தால எத்தனை கோல் போட்டான்னு. கோலே போடலை சித்தப்பா, ஒரே தடவை கையில கொடுத்தாங்க, அதுவும் நான் கேட்டுத்தான் கொடுத்தாங்க, கீழ போட்டுட்டான்னு சொல்லணும். சென்னையில பிளேன்லேருந்து இறங்கினதுலேருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன். அதுக்கு மேல, முன்வரிசையில குனிஞ்சு நிக்கிறது எப்படிப்பட்ட வேலைன்னு விளக்கணும். உங்ககிட்ட இவ்வளவு நேரம் அளந்தது ஒரு ஒத்திகைதான், தப்பா நெனச்சுக்காதீங்க. ரசம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சுரணும். ரசம் வந்துட்டா என் நாக்கை நானே நம்ப மாட்டேன்.

தமயந்தி நேத்தே வந்துட்டா. காதுகுத்துக்குச் சமையலு, சீரு, சொந்தக்காரங்களுக்குச் சொல்றது எல்லாம் அவதான் பாத்துக்குறா. எனக்கு ஒரு வேலையும் இல்லை, பந்தைக் கொண்டுபோறது மட்டும்தான். அவ எப்பவுமே இப்படித்தான், எல்லாத்தையும் முன்னாலயே போயி...

ம். அப்படித்தான்.

மணப்பாறையா அது? வந்துருச்சா? கண்டக்டரே, ரெண்டு பேரு இறங்கணும், கொஞ்சம் நிறுத்திப் பிடிங்க. பாருங்கண்ணே, படி வரைக்கும் தலையாத்தான் இருக்கு. பின் வாசலும் அப்படித்தான். ஒருத்தரும் நகர மாட்டாங்க போலிருக்கே. நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்கு நல்ல உடம்பு. நீங்க முன்னால இடிச்சுக்கிட்டுப் போனீங்கன்னா நான் பந்தோட பின்னாலயே...

இல்லை. இருங்க, இருங்கண்ணே. இந்தாங்க, பையை நீங்க பிடிங்க. அப்படியில்லை, வயித்தோட சேத்து அணைச்சுப் பிடிங்க, யாரு இடிச்சாலும் விட்டுராதீங்க. நான் முன்னால போறேன். வழி எங்க இருக்குன்னெல்லாம் பாக்காதீங்க. என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க.